கண்ணாடி மீன் தொட்டியின் சட்டம் பழுதுபட்டால்

கொங்கு நாட்டில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி இப்பொழுது பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பொருளாக மட்டும் இல்லை. தோட்டத்துச் சாளைகளின் திண்ணையிலும், பள்ளிக்கூடங்களிலும், சில ஊராட்சி அலுவலகங்களிலுங்கூட அதைக் காணலாம். பொள்ளாச்சிக்கு அடுத்த ஆழியாறு அணைப் பூங்காவின் மீன் காட்சிச் சாலையைப் பார்த்து வந்த சிறுவர்கள் வீட்டில் பிடிவாதம் பிடித்து வாங்கி வைத்தவை சில. கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசுப் புழுக்களை ஒழிப்பதற்கென்று 1928-ஆம் வருஷத்தில் நம் தேசத்துக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனை இனவிருத்தி செய்ய வைத்தவை சில. (அம்மீனை ஆற்றிலோ ஓடையிலோ விடலாகாது; அங்குள்ள நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று கேடு விளைக்கும்.) வண்ண மீன்களை வளர்த்து விற்பதை உபதொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். எக்காரணம் பற்றி வைத்திருப்பினும், மீனுக்கு இரை போடுவதிலும் ஜலம் மாற்றுவதிலும் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் தொட்டியின் சட்டத்தின்மேல் செலுத்துவோர் மிகச் சிலரே. மேல் விளிம்பிலுள்ள சட்டம் விண்டு போயிருக்கும். நடுவிலுள்ள குறுக்குப்பட்டை முறிந்து தொங்கும். "கண்ணாடிதான் நன்றாக இருக்கிறதே, ஜலமும் ஒழுகவில்லையே" என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் இரவில் கண்ணாடி பிளந்து, வீடு முழுவதும் வெள்ளமாகிவிடும்.

சட்டம் அழகுக்காக வைத்ததன்று. அது சுமை தாங்குவது. இதனை நம் குடியானவர்களுக்கு விளக்குவது கடினமன்று. குளக்கரையையும் மதகையும் அறியாதவர் நம்மில் யார்? உக்கடம் பெரியகுளமாயினும் சிங்காநல்லூர்க் குளமாயினும், கரையின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருப்பதன் காரணம் எல்லோரும் அறிந்ததே. ஆழம் செல்லச் செல்ல ஜலத்தின் அமுக்கம் மிகும். குளத்து நீர் எத்தனை ஏக்கர் பரந்து கிடந்தாலும், கரையின் ஓரடி நீளத்தை அது நெட்டித் தள்ளும் பலம் கரையோரத்து ஆழத்தைப் பொறுத்ததேயன்றிப் பரப்பைப் பொறுத்ததன்று. கண்ணாடித் தொட்டிக்கும் இதே விதிதான்.

மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள சாதாரணமான தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது விளிம்புவரை 127 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கற்கள் ஆகியவற்றின் நிறையைச் சேர்த்தால் ஒன்றரைக் குவிண்டாலை எட்டும். அதன் முன்புறக் கண்ணாடியை மட்டும் ஜலம் வெளியே தள்ளும் பலம் ஏறத்தாழ 95 கிலோ; அதாவது ஒரு நெல் மூட்டையைவிட மிகுந்த பாரம். இரவும் பகலும் ஓய்வின்றி அப்பலம் அக்கண்ணாடியின்மேல் இருந்துகொண்டே இருக்கிறது. ஜலத்தை ஓரடி உயரத்துக்குக் குறைத்தால் அது 42 கிலோவாகும். பாதி உயரத்துக்கு, அதாவது ஒன்பது அங்குலத்துக்குக் குறைத்தால் 24 கிலோதான். ஆழம் பாதியானால் தள்ளும் பலம் கால்பங்காகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம், பின்னால் பயன்படும்.

அமுக்கம் அடியில்தானே அதிகம், மேற்புறத்தில் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கண்ணாடிப் பலகையின் அடி விளிம்பும் இரு பக்க விளிம்புகளும் மற்றப் பலகைகளோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. மேல் விளிம்பு ஒன்றுதான் பிடிப்பின்றி நிற்கிறது. மூன்று புறம் இழுத்துக் கட்டி ஒரு புறம் அவிழ்த்துவிட்ட படுதா காற்றில் எந்தப் புறம் உப்புகிறதோ, அந்தப் புறமே கண்ணாடியும் உப்புகிறது. மேல் விளிம்பின் நடுப்பாகந்தான் மிக அதிகமாக வெளியே வளையும். அவ்வளைவைத் தடுத்து, முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவதே மேற்சட்டத்துக்கும் குறுக்குப்பட்டைக்கும் உரிய வேலை. பட்டை முறிந்தவுடன் கண்ணாடி உடைந்துவிடுவதில்லை. சற்று வளைந்து கொடுத்து, மூலைகளிலுள்ள பசையை நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்துப் பிரிக்கிறது. முறிந்தது ஆடியில் என்றால் விபத்து ஐப்பசியில் நேரலாம். அதனாலேயே இரண்டுக்குமுள்ள தொடர்பு பலருக்குப் புலப்படுவதில்லை.

சட்டத்தின் வரலாறு சிறிது அறிந்தால் பழுதுபார்க்கும் முறையும் விளங்கும். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள். அக்காலத்து வீட்டுத் தொட்டிகள் இரும்புச் சட்டமும், கற்பலகை அடியும், இடையே மக்கு வைத்துப் பதித்த கண்ணாடியுமாக இருந்தன. சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சிச் சாலை ஏற்பட்டபொழுதும், கண்ணாடியோடு கண்ணாடியை நேரே ஒட்டி ஜலம் நிறுத்தக்கூடிய பசை உலகில் எங்கும் இல்லை. ஆகவே சட்டமே தொட்டியாக இருந்தது; கண்ணாடி அதன் ஜன்னலாக இருந்தது. 1960-களில் சிலிகோன் பசை வழக்கத்துக்கு வந்தபின் முறை மாறிற்று. கண்ணாடிகளே ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, சட்டம் மேலும் கீழும் ஒரு பிளாஸ்டிக் விளிம்பாகச் சுருங்கிற்று. ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துப் பதித்த பழைய தொட்டிகளும் இன்னும் சில வீடுகளில் உண்டு. சட்டமே இல்லாத தொட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். கண்ணாடியின் விறைப்பு அதன் தடிப்பின் முப்படியாகப் பெருகுவது. 5 மில்லிமீட்டர்க் கண்ணாடியைக் காட்டிலும் 6 மில்லிமீட்டர்க் கண்ணாடி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு விறைப்புடையது. சட்டத்தை நம்பி மெல்லிய கண்ணாடியில் செய்த தொட்டியிலிருந்து சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "சட்டமில்லாத் தொட்டிகளும் இருக்கின்றனவே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது தகாது.

பழுதைக் கண்டறிய ஒரு எளிய பரீட்சை போதும். நேரான மரச்சட்டம் அல்லது அளவுகோல் ஒன்றை மேல் விளிம்பை ஒட்டி முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கிடையாகப் பிடிக்கவும். நடுவில் கண்ணாடி அதைத் தொட்டுக்கொண்டு, இரு முனைகளிலும் இடைவெளி தெரியுமானால் கண்ணாடி வளைந்திருக்கிறது. சிறிது வளைவு எல்லாத் தொட்டிகளுக்கும் உண்டு. அவ்விடைவெளியை அளந்து குறித்து வைத்து, வாரம் கழித்து மீண்டும் பார்க்கும்பொழுது அது கூடியிருந்தால், அல்லது மூலைப் பசையில் வெண்மையான கீற்றோ காற்றுக் குமிழியோ புதிதாகத் தென்பட்டால், ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

செய்யவேண்டிய முதற் காரியம் மின்சாரத் தொடர்பைத் துண்டிப்பது. காற்றுக் குழாய், வடிகட்டி, விளக்கு, சூடேற்றி ஆகிய யாவற்றையும் சுவரிலுள்ள இணைப்பிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஈரக்கையுடன் தொட்டிக்குள் கைவிட்டு ஆராய்வது அதற்குப் பிறகுதான். அடுத்தது ஜலத்தைப் பாதிக்குக் குறைப்பது. மேலே சொன்ன கணக்கின்படி இது ஒன்றினாலேயே அபாயத்தில் முக்கால் பங்கு நீங்கிவிடும். மீன்களும் அதில் சில நாட்கள் உயிர் வாழும். பட்டறைக்காரரையோ கண்ணாடிக் கடைக்காரரையோ தேடி அவிநாசிக்கோ தாராபுரத்துக்கோ போய்வர அவகாசம் கிடைக்கும். விண்ட இடத்தில் கயிறு கட்டி, விளிம்புவரை ஜலத்தை அப்படியே வைத்திருப்பது கரையில் மடை கண்ட இடத்தில் வைக்கோலைத் திணிப்பது போன்றது.

பழுதுபார்க்கும் நாளில் மீன்களை வேறொரு வாளிக்கோ அண்டாவுக்கோ மாற்ற வேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்கள் உதவா. செம்பு கரைந்த ஜலம் மீனுக்கு நஞ்சு. தொட்டியின் பழைய ஜலத்திலேயே மீன்களை விட்டு, காற்றுக் குழாயை அதில் இட்டு, மேலே வலை மூடி நிழலில் வைக்கவும். வடிகட்டியிலுள்ள பஞ்சையும் அதே ஜலத்தில் நனைத்து வைக்க வேண்டும். மீனின் கழிவைச் சிதைத்துக் கேடில்லாமல் மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சில் வாழ்கின்றன. அது உலர்ந்தால் அவை மடியும். பழுதுபார்த்த தொட்டியில் விட்ட மீன்கள் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். பழி மட்டும் புதிய பசையின்மேல் விழுகிறது. பிறகு மணலையும் கற்களையும் அள்ளி, ஒரு சொட்டு ஜலமும் இல்லாமல் துடைத்த பின்னரே தொட்டியை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். மேற்சட்டத்தைப் பிடித்துத் தூக்குவது பெருந் தவறு.

இனிப் பழுதின் வகையைப் பார்ப்போம். மேற்சட்டத்தின் ஒரு மூலை மட்டும் விண்டு, குறுக்குப்பட்டை முழுதாக இருந்தால் அது சிறிய காரியம். அவ்விடத்தைச் சுத்தம் செய்து, சிலிகோன் பசையை உள்ளே செலுத்தி, ஒட்டுநாடாவால் இறுகக் கட்டி உலரவிட்டால் போதும்.

குறுக்குப்பட்டை முறிவதே அடிக்கடி நேரும் பழுது. விளக்கின் சூட்டினாலும் வெயிலினாலும் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. அப்பொழுது யாரேனும் அதன்மேல் கையை ஊன்றினால் முறிந்துவிடும். முறிந்த இரு துண்டுகளையும் ஒட்டுப் பசையால் சேர்த்துவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் அநேகர். பட்டையின்மேல் உள்ளது இழுவிசை. முறிந்த முனைகளின் சிறிய பரப்பு அவ்விழுவையை நெடுநாள் தாங்காது. கண்ணாடியினாலேயே புதிய பட்டை அமைத்துவிடுவதுதான் நீடித்து நிற்கும் பரிகாரம். தொட்டியின் கண்ணாடி எவ்வளவு தடிப்போ அதே தடிப்பில் மூன்று துண்டுகள் அறுத்து, ஓரங்களைச் சாணை பிடித்து வாங்க வேண்டும். இரண்டு துண்டுகள் இரண்டு அங்குல அகலம்; தொட்டியின் உட்புற நீளத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். அவற்றை மேற்சட்டத்துக்குக் கீழே, முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் உட்புறமாகக் கிடையாக ஒட்ட வேண்டும். சுவரில் பலகை அடித்தாற்போல அமையும். மூன்றாவது துண்டு நான்கு அங்குல அகலம். அது நடுவில் குறுக்காக, முதலிரண்டு துண்டுகளின்மேல் இரு முனைகளும் அகலமாகப் படியும்படி வைத்து ஒட்டப்படுவது. முனையோடு முனை ஒட்டுவதைவிடப் பரப்போடு பரப்பு படிந்து ஒட்டுவதில் பசைக்குப் பிடிப்பு பன்மடங்கு அதிகம். ஒட்டுவதற்கு முன் தொட்டியின் அகலத்தை இரு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து பார்க்கவும். காலியான தொட்டியில் கண்ணாடி தன் நிலைக்குத் திரும்பியிருக்கும். நடுவில் சிறிது அகலம் மிகுந்திருந்தால் வெளியே மரச்சட்டம் வைத்து, கயிற்றினால் மெதுவாக இறுக்கிச் சமன் செய்துகொள்ளலாம். பலவந்தம் கூடாது.

பசையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லவேண்டும். கடைகளில் சிலிகோன் என்ற பெயரில் பல விற்கின்றன. குளியலறைக்கென்று விற்கப்படுவதில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்து கலந்திருக்கும்; அம்மருந்து மீனையும் கொல்லும். மீன் தொட்டிக்குத் தகுந்தது என்று குழாயின்மேல் அச்சிட்டிருப்பதையே கேட்டு வாங்குக. புதிய சிலிகோன் உலர்ந்த பழைய சிலிகோனின்மேல் ஒட்டாது. ஆகையால் ஒட்டும் இடத்திலுள்ள பழைய பசையைச் சவர பிளேடினால் ஒட்டச் சுரண்டி எடுத்து, சுத்தமான துணியில் ஸ்பிரிட்டு நனைத்துத் துடைத்து, விரல் படாமல் காக்க வேண்டும். நம் பக்கத்துக் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தவை. விளிம்பில் வெள்ளைப் படிவம் ஏறியிருக்கும். அதன்மேல் பசை பிடிக்காது. காடியில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அரைமணி நேரம் போட்டு வைத்துப் பின் தேய்த்துக் கழுவினால் நீங்கும். சிறுவாணி ஜலம் பெறும் கோயம்புத்தூர்வாசிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

உலர்வதிலும் ஒரு விசேஷம் உண்டு. வண்ணமும் வார்னிஷும் ஈரம் போனால் உலர்வன. சிலிகோனோ காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு இறுகுவது. பங்குனி, சித்திரை மாதங்களின் வறண்ட காற்றில் அது தாமதமாகவே இறுகும். வெயிலில் வைத்தால் விரைவில் ஆகும் என்று எண்ணி முற்றத்தில் கிடத்தக் கூடாது. மேல்தோல் அரைமணியில் உலர்ந்தாற்போல் தோன்றினும், உள்ளே இறுகக் குறைந்தது இரண்டு நாட்கள் வேண்டும். கனமாக இட்ட இடங்களுக்கு ஒரு வாரம் விடுவது உத்தமம். காடியின் புளிப்பு வாடை முற்றும் நீங்கியதே அடையாளம்.

ஆங்கிள் இரும்புச் சட்டமுள்ள தொட்டிகளின் நோய் வேறு. அவற்றுக்குத் துருவே சத்துரு. துரு ஏறிய இரும்பு பருத்துக் கண்ணாடியின் ஓரத்தை நெருக்கி விரிசல் காணச் செய்யும். கோயம்புத்தூர் ஜில்லாவில் வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் அரிது. ஆகையால் தொட்டியை அப்படியே வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி இருக்கும்பொழுது பற்றவைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கண்ணாடி தெறித்துவிடும். கண்ணாடிகளை எல்லாம் கழற்றிய பின்னரே நெருப்புக் காட்ட வேண்டும். பற்றவைத்த இடத்தை அரத்தினால் ராவி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, துருத்தடுப்பு வண்ணம் இருமுறை பூசி நன்கு உலரவிடவும். முற்காலத்தில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் ஈயச் சிந்தூரமும் குழைத்த மக்கையே கண்ணாடிக்கு வைத்தார்கள். ஈயம் மீனுக்கும் மனிதருக்கும் விஷம். பழைய மக்கைச் சுரண்டும்பொழுது தூள் பறக்காமல் நனைத்துச் சுரண்டி, குழந்தைகளும் கோழிகளும் அணுகாத இடத்தில் அப்புறப்படுத்த வேண்டும். இன்று மக்குக்குப் பதில் சிலிகோனே வைக்கலாம். ஆனால் காடி வாடையுள்ள வகை வெற்று இரும்பை அரிக்குமாகையால், வண்ணம் பூசிய பிறகே இடுதல் வேண்டும். நாகம் பூசிய தகட்டை உட்புறத்தில் ஜலம் படும்படி வைக்கலாகாது. நாகமும் மீனுக்கு ஆகாது. பழைய மக்குத் தொட்டியை வைத்திருப்பவர்கள் அதை மாதக்கணக்கில் காலியாக வைப்பதும் தவறு. மக்கு உலர்ந்து வெடித்து, பின் ஜலம் நிறுத்தும்பொழுது ஒழுகும்.

அடிச்சட்டம் உடைந்திருந்தால் ஒட்டுப்போட முயல வேண்டாம். தொட்டியின் பாரம் முழுவதும் அதன் வழியே மேஜைக்கு இறங்குகிறது. அதே அளவுள்ள புதிய சட்டம் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால், அல்லது கண்ணாடியிலேயே கீறல் இருந்தால், தொட்டியைக் கழித்துவிடுவதே சிக்கனம். அதை நாற்று விதைக்கவோ கோழிக்குஞ்சு வைக்கவோ பயன்படுத்திக்கொள்ளலாம். அடிச்சட்டம் உடைவதற்கு மேஜையின் கோணலே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்க்க வேண்டும். மண் தரையில் நிற்கும் மர மேஜையானால் கால்களில் கரையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். தொட்டியின் அடியில் தெர்மாகோல் பலகை இடும் வழக்கம் சட்டமில்லாத தொட்டிகளுக்கே உரியது. அடிச்சட்டம் உள்ளவற்றில் அடிக் கண்ணாடி மேஜையைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்கும். அங்கே பலகையைத் திணித்தால் அது அடிக் கண்ணாடியை மேல்நோக்கி அழுத்தி விரிசல் உண்டாக்கும்.

பழுதுபார்த்த தொட்டியை நேரே கூடத்தில் வைத்து நிரப்பிவிடாமல், வெளியே நிழலில், சமமான கெட்டித் தரையில் காகிதம் விரித்து அதன்மேல் வைத்துச் சோதிக்கவும். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுமையும் ஜலம் விடவேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் காகிதம் நனைந்திருக்கிறதா என்றும், மரச்சட்டம் வைத்துக் கண்ணாடியின் வளைவு எவ்வளவு என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று. இம்மூன்று நாளும் சிறுவர்களை அருகே விளையாட விடக்கூடாது. பள்ளிக்கூடத்திலோ அலுவலகத்திலோ உள்ள தொட்டியானால், தலைமையாசிரியரோ ஊராட்சிச் செயலரோ இச்சோதனையைத் தாமே நின்று பார்ப்பது நல்லது. பழுதுபார்த்தவர் கூலி வாங்கிக்கொண்டு போனபின் அதற்குப் பொறுப்பாளி யார் என்பது சர்ச்சையாகிவிடுகிறது.

சோதனை ஜலத்தைக் கொட்டிவிட்டு, தொட்டியை அதன் இடத்தில் அமர்த்திப் புதிய ஜலம் விடலாம். வாளியிலுள்ள பழைய ஜலத்தையும் அத்துடன் சேர்க்கவும். குழாய் ஜலமானால் குளோரின் வாடை போக அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் வைத்திருந்த பின்னரே விட வேண்டும். இரண்டு ஜலத்தின் சூடும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியின் பஞ்சை அதன் இடத்தில் பொருத்தி, மாலை வேளையில் மீன்களை விடுக. முதல் இரண்டு நாள் இரையைப் பாதியாகக் குறைக்கவும். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே தொட்டியின் வெளிப்புறத்தில் வண்ணத்தால் ஒரு கோடு இழுத்து, அதற்குமேல் ஜலம் விடவேண்டாமென்று வீட்டிலுள்ளோருக்குச் சொல்லிவைக்கவும். அந்த இரண்டு அங்குலம் குறைவதனால் முன் கண்ணாடியின்மேல் உள்ள பாரம் 95 கிலோவிலிருந்து 75 கிலோவாக இறங்குகிறது.